டச்டிசைனரில் நோடுகளோடு பழகியவர் ஷேடர் எழுதக் கற்பது எப்படி?

திரைவெளி கேட்டது:

வணக்கம். நான் இரண்டு ஆண்டுகளாக டச்டிசைனர் என்ற காட்சி நிரலாக்க மென்பொருளில் நடன நிகழ்ச்சிகளுக்கான பின்திரைக் காட்சிகளை அமைத்து வருகிறேன். ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்யும் பெட்டிகளான நோடுகளை இணைத்தே நினைத்ததைப் பெரும்பாலும் செய்துவிட முடிகிறது. ஆனால் கேமராவில் தெரியும் ஆடுபவரின் உருவத்தை நீரில் கரைவதுபோல் சிதைக்க முயன்றபோது நோடுகளின் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியும் நான் விரும்பிய அசைவு கிடைக்கவில்லை. ஜிஎல்எஸ்எல் டாப் ஒன்றில் சில வரிகள் எழுதினாலே இது முடிந்துவிடும் என்று உடன் பணிபுரிபவர் சொன்னார். (டாப் என்பது படத்தைக் கையாளும் நோடு; ஜிஎல்எஸ்எல் என்பது ஷேடர், அதாவது ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல், எழுதும் மொழி.)

பலரும் ஷேடர்களைப் பகிரும் ஷேடர்டாய் தளத்திலிருந்து ஒரு நிரலை எடுத்து அப்படியே ஒட்டினேன்; பிழைச் செய்தி மட்டுமே வந்தது. பிறகு நானே ஒரு வட்டம் எழுதிப் பார்த்தேன். 1280×720 திரையில் அது முட்டை வடிவமாக வந்தது. பள்ளியில் படித்த சைன், கொசைன் நினைவிருக்கிறது என்பதைத் தவிர எனக்குக் கணிதப் பின்புலம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது? இங்கே கற்பது வேறு மென்பொருள்களிலும் உதவுமா?

புள்ளியாளர் எழுதிய மறுமொழி:

உங்கள் வட்டம் முட்டையானதிலிருந்தே தொடங்கலாம், ஏனெனில் ஷேடர் எப்படி இயங்குகிறது என்பது அதிலேயே இருக்கிறது. ‘இங்கே ஒரு வட்டம் வரை’ என்று ஷேடரிடம் சொல்ல முடியாது. நீங்கள் எழுதும் அதே சில வரிகள் திரையின் 9,21,600 பிக்சல்களிலும் தனித்தனியே ஓடுகின்றன. நொடிக்கு 60 சட்டகம் என்றால் ஏறத்தாழ ஐந்தரைக் கோடி முறை. தேர்வுக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், இருக்கை எண் மட்டும்தான் வேறு. பக்கத்து இருக்கையின் விடைத்தாளைப் பார்க்கவும் முடியாது, அதில் எழுதவும் முடியாது. உள்ளீடாக வரும் படத்தை மட்டும் எல்லோரும் எங்கு வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

அந்த இருக்கை எண்தான் வியூவி (vUV), அதாவது பிக்சலின் ஆயத்தொலைவு. அது அகலத்திலும் உயரத்திலும் 0 முதல் 1 வரை ஓடுவதால், 1280 பிக்சலும் 1, 720 பிக்சலும் 1 என்றாகிவிடுகிறது. முட்டை வந்த காரணம் இதுவே. முதலில் இரண்டு அச்சிலும் 0.5 கழித்து மையத்தைப் பூச்சியமாக்குங்கள், பிறகு எக்ஸ் மதிப்பை 1280.0 / 720.0 ஆல் பெருக்குங்கள், அதன் பிறகு மையத்திலிருந்து தூரத்தை அளவிடுங்கள். புள்ளியோடு 1280.0 என்று எழுதுவதை இன்றே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஜிஎல்எஸ்எல்லில் 1/2 என்று எழுதினால் முழு எண் வகுத்தலாகி விடை 0 என வரும். பிழைச் செய்தி எதுவும் வராமல் படம் மட்டும் கறுத்துப் போகும்.

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு என் உறுதியான கருத்து இது: புதிய காட்சிகளைத் தேடிப் போகாதீர்கள், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த நோடுகளை ஒவ்வொன்றாக ஷேடரில் திரும்ப எழுதுங்கள். நிறங்களைத் தலைகீழாக்கும் லெவல் டாப்பின் இன்வெர்ட்டிலிருந்து தொடங்கலாம், நிறத்தை 1.0 இலிருந்து கழித்தால் போதும், ஒளிபுகாத் தன்மையைக் குறிக்கும் ஆல்ஃபாவை மட்டும் தொடாதீர்கள். உங்கள் ஷேடரின் விடையையும் அசல் நோடின் விடையையும் இரு படங்களின் வேறுபாட்டைக் காட்டும் டிஃபரன்ஸ் டாப்பில் கொடுங்கள். திரை முழுக்கக் கறுப்பாக இருந்தால் நீங்கள் எழுதியது சரி. எங்கேனும் மங்கலாக ஒரு கோடு தெரிந்தால், அந்த இடத்தில்தான் உங்கள் புரிதலில் இடைவெளி இருக்கிறது. ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் கற்பவருக்கு இதைவிட நேர்மையான திருத்துநர் கிடைக்காது என்று நான் நம்புகிறேன்.

அடுத்து ஒரு படத்தை வலப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். எல்லோரும் முதலில் எக்ஸ் மதிப்போடு 0.1 கூட்டுவார்கள், படம் இடப்பக்கம் போகும். பிக்சல் தன் நிறத்தை வேறிடத்துக்கு அனுப்புவதில்லை. வேறிடத்திலிருந்து எடுத்து வருகிறது. எனவே படம் வலப்பக்கம் நகர, ஒவ்வொரு பிக்சலும் தனக்கு இடப்பக்கத்தில் பார்க்க வேண்டும், அதாவது கழிக்க வேண்டும். இது கைவந்துவிட்டால் நீங்கள் கேட்கும் நீர்க்கரைவு வெகுதூரத்தில் இல்லை. 0.1 என்ற அதே எண்ணுக்குப் பதிலாக இடத்துக்கு இடம் ஒழுங்கின்றி நிறம் மாறும் ஒரு நாய்ஸ் படத்தின் சிவப்பையும் பச்சையையும் இரண்டாம் உள்ளீடாகக் கொடுத்து, அவற்றிலிருந்து 0.5 கழித்து, 0.05 போன்ற சிறிய எண்ணால் பெருக்கி, அந்த அளவுக்கு ஆயத்தொலைவை நகர்த்தினால் உருவம் அலையத் தொடங்கிவிடும்.

நிழல்கோடு எழுதிய மறுமொழி:

ஷேடர்டாய் நிரல் ஏன் ஓடவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். 2013 இல் வந்த அந்தத் தளம் உங்களுக்காகச் சிலவற்றைத் திரைமறைவில் அறிவித்து வைத்திருக்கிறது. டச்டிசைனரில் அவற்றை நீங்களே அறிவிக்க வேண்டும். மெயின்இமேஜ் என்ற செயல்கூற்றின் வேலையை மெயின் என்பதற்குள் கொண்டுவாருங்கள். பிக்சலின் இடத்தைத் தரும் ஃப்ராக்கோர்ட் பிக்சல் எண்ணிக்கையில் இருப்பதால், வியூவியை வெளியீட்டின் அகல உயரத்தால் பெருக்கி அதைப் பெறலாம். ஓடிய நேரத்தைத் தரும் ஐடைம் என்பதை யூனிஃபார்மாக (வெளியிலிருந்து எல்லாப் பிக்சலுக்கும் பொதுவாக வரும் மதிப்பாக) அறிவித்து, வெக்டர்ஸ் பக்கத்தில் அதே பெயரைக் கொடுத்து, மதிப்பாக டச்டிசைனரின் நேரக் கணக்கான ஆப்ஸ்டைம் நொடிகளை இடுங்கள். ஜிஎல்எஸ்எல் டாப்புடன் ஒட்டி வரும் இன்ஃபோ டாட்டைத் திறந்தே வைத்திருங்கள். எந்த வரியில் பிழை என்பது அங்கே தெரியும்.

வேறு மென்பொருள்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேக்ஸ் மென்பொருளின் காட்சிப் பகுதியான ஜிட்டரிலும் விட்வாக்ஸ் உருவாக்கிய ஐஎஸ்எஃப் என்ற ஷேடர் வடிவத்திலும் ஜிஎல்எஸ்எல்தான். விவிவிவி மென்பொருள் பக்கம் போனால் ஹெச்எல்எஸ்எல் என்ற வேறொரு ஷேடர் மொழியின் மரபு: அங்கே வெக்4 என்பது ஃப்ளோட்4 ஆகும், மிக்ஸ் என்பது லெர்ப் ஆகும், ஃப்ராக்ட் என்பது ஃப்ராக் ஆகும். சிந்தனை மாறாது, பெயர்களுக்குப் பழக ஒரு வாரம் போதும்.

திரைவெளி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. டிஃபரன்ஸ் டாப் வழியைப் பின்பற்றி ஐந்து நோடுகளைத் திரும்ப எழுதிவிட்டேன், உருவமும் அலைகிறது. ஆடுபவரின் பின்னால் ஒரு தடம் நீண்டு மறைய வேண்டும் என்பதற்காக முந்தைய சட்டகத்தைத் திரும்பத் தரும் ஃபீட்பேக் டாப்பைச் சேர்த்து, பழைய சட்டகத்தை ஒவ்வொரு முறையும் 0.99 ஆல் பெருக்குகிறேன். தடம் மங்குகிறது, ஆனால் முழுவதும் மறையவில்லை. ஆடுபவர் மேடையை விட்டுப் போன பிறகும் சாம்பல் நிறத்தில் ஒரு கறை திரையில் நின்றுவிடுகிறது.

புள்ளியாளர்:

நீங்கள் எழுதிய கணக்கில் தவறில்லை. விடையைச் சேமிக்கும் இடம் போதவில்லை. 8 பிட் படத்தில் ஒவ்வொரு நிறமும் 0 முதல் 255 வரையுள்ள முழு எண்ணாகச் சேமிக்கப்படுகிறது. 100 ஐ 0.99 ஆல் பெருக்கினால் 99, குறைகிறது. 40 ஐப் பெருக்கினால் 39.6, அதை முழு எண்ணாக்கிச் சேமிக்கும்போது மீண்டும் 40 ஆகிவிடுகிறது. அடுத்த சட்டகத்திலும் அதே 40 தான். ஏறத்தாழ 50 க்குக் கீழே இறங்கிய எதுவும் இனிக் குறையாது. நீங்கள் பார்க்கும் சாம்பல் அதுவே.

ஜிஎல்எஸ்எல் டாப்பின் காமன் பக்கத்தில் பிக்சல் ஃபார்மேட்டை பின்ன மதிப்புகளையும் சேமிக்கும் 16 பிட் ஃப்ளோட்டுக்கு மாற்றுங்கள். ஃபீட்பேக் சுழற்சிக்குள் இருக்கும் மற்ற டாப்புகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்; ஒன்று 8 பிட்டில் இருந்தாலும் கறை திரும்பிவிடும்.

திரைவெளி:

சுழற்சிக்குள் ஒரு லெவல் டாப் மட்டும் 8 பிட்டில் இருந்தது. அதை மாற்றியதும் தடம் கடைசிவரை மங்கித் திரை முழுக் கறுப்பானது. இன்று மாலை ஒத்திகையில் ஆடுபவரை வைத்தே பார்க்கப் போகிறேன்.