என்னைத் தவிர எல்லார்கிட்டயும் ஓடுறா

தறிவீடு, அம்மாபேட்டை:
பாப்பாவுக்கு அஞ்சு வயசு, ஹோம்ல இருந்து தத்தெடுத்து பத்து மாசம் ஆச்சுங்க. பக்கத்துல தறி ரிப்பேருக்கு வந்த ஆளு, முன்னப்பின்ன தெரியாதவர், அவர் மடியில ஏறி உக்காந்து "என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா"ன்னு கேக்கறா. நான் தூக்குனா மட்டும் உடம்பு கட்டை மாதிரி வெறைச்சுக்கும். கீழ விழுந்தாக்கூட என்கிட்ட வராம தானே முட்டிய ஊதிக்குவா. நேத்து தலகாணி உறைய கழட்டுனா உள்ள நாலு தட்டுவடை, எறும்பு மொச்சுக் கெடக்கு, கத்திட்டேன். அவ அழல, எத்தன மிச்சம்னு எண்ணிப் பாத்தா. மாமியார் "வேற ரத்தம், ஒட்டாது"ங்கறாங்க. எங்க தப்பு பண்றேன்?

ஏற்காடு காத்து:
இறுக்கிக் கட்டிப் புடிச்சுக்கோங்க, எவ்ளோ திமிறினாலும் விடாதீங்க, பழகிடும்.

செவ்வாப்பேட்டை அப்பா:
தயவுசெஞ்சு அப்படி செய்யாதீங்க. அமெரிக்கால 2000ல சிகிச்சைன்னு சொல்லி போர்வையில சுத்தி அமுக்கி ஒரு பத்து வயசுப் பொண்ணு செத்தே போச்சு. அவளா வர்ற வரைக்கும் பக்கத்துல சும்மா உக்காருங்க. எங்க பையனும் நாலு வயசுல வந்தவன்தான், அவிச்ச முட்டைய ஜட்டிக்குள்ள ஒளிச்சு வெப்பான். அவனுக்குன்னு ஒரு டப்பா, கைக்கு எட்டுற இடத்துல, கேக்காம எடுக்கலாம்னு வெச்சோம், காலியாக மட்டும் விடல. மொத ரெண்டு வாரம் தொடச்சு வெச்ச மாதிரி காலி பண்ணுவான், அப்பறம் ஒரு நாள் பாதி அப்படியே இருந்துச்சு, வீட்ல அதப் பாத்து அழுதுட்டாங்க.

ரிட்டயர்டு ஆயா:
கண்ணு, 92ல நம்ம சேலத்துலதான் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிச்சாங்க, அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு நான் ஒரு ஹோம்ல வேலைக்குச் சேந்தேன். காலைல ஒருத்தி, ராத்திரி ஒருத்தி, லீவுன்னா மூணாவது ஒருத்தி. புள்ளைக்கு என்ன தெரியும்? புதுசா வர்ற ஆளப் பாத்து சிரிச்சா தூக்குவாங்க, அழுதா எல்லா நேரமும் வரமாட்டாங்க. நீதான் தெனமும் இருக்கற ஆளு, நீயும் போயிட்டா என்ன பண்றதுன்னுதான் உன்கிட்ட மட்டும் வெறைச்சுக்குது. மாமியார்கிட்ட சொல்லு, ரத்தம் இல்ல, ஷிப்டு. கொஞ்ச மாசம் ஊட்டறது குளிப்பாட்டறது எல்லாம் நீங்க ரெண்டு பேர் மட்டும் செய்ங்க, சொந்தக்காரங்க ஆள் மாத்தி ஆள் தூக்க வேணாம். கடைக்குப் போனாலும் சொல்லிட்டுப் போ, தூங்கறப்ப நைசா நழுவாத. ரூம்ல போட்டுப் பூட்டறது, "திருப்பி விட்டுருவேன்"ங்கறது, வெளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

செவ்வாப்பேட்டை அப்பா:
தத்து குடுத்த எடத்துல இருந்து ரெண்டு வருசத்துக்கு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ, புள்ள எப்படி இருக்குன்னு ஃபாலோ அப் வருவாங்கல்ல, அப்ப நல்லாருக்கான்னு மழுப்பாதீங்க. குழந்தைங்க மனநல டாக்டர் யாருன்னு அவங்ககிட்டயே கேளுங்க. நாங்க மழுப்பி ஒரு வருசம் போச்சு.

தறிவீடு, அம்மாபேட்டை:
டப்பா வெச்சாச்சுங்க. இன்னிக்கு மட்டும் மூணு தடவ காலி. நாலாவது தடவ நான் ரொப்பறப்ப பின்னாடி வந்து நின்னு பாத்துட்டே இருந்தா, ஒண்ணும் சொல்லல. தலகாணிய நான் தொறக்கல.