புதுப்பிப்பு: பழைய கான்டெக்ஸ்ட் டிஃப் கிட்டில் ஏறிவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நட்சத்திரக் கோடுகளும் ஆச்சரியக்குறிகளும் கொண்ட பழைய பேட்ச் கோப்பை (நிரலில் செய்த மாற்றங்களின் பட்டியல்; இது 'கான்டெக்ஸ்ட் டிஃப்' என்ற பழைய வடிவம்), நிரல் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் கருவியின் 'கிட் அப்ளை' கட்டளை ஏற்க மறுக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். இப்போது தீர்ந்துவிட்டது.

காரணம், கிட் அப்ளைக்கு யூனிஃபைட் டிஃப் (நீக்கிய வரியைக் கழித்தல் குறியாலும் சேர்த்த வரியைக் கூட்டல் குறியாலும் காட்டும் வடிவம்) மட்டும்தான் புரியும். கைகொடுத்தது, பேட்ச் கோப்புகளைக் கையாளும் பேட்ச்யூட்டில்ஸ் கருவித் தொகுப்பில் உள்ள ஃபில்டர்டிஃப். அதன் ஃபார்மட் விருப்பத்தில் யூனிஃபைட் என்று கொடுத்தால் போதும்: ஆச்சரியக்குறி போட்ட ஒவ்வொரு மாற்றமும் கழித்தல் வரி, கூட்டல் வரி என்று பிரிந்து, ஒவ்வொரு மாற்றப் பகுதியின் தலைப்பிலும் இரட்டை '@' குறிகளோடு வந்தது.

அப்புறமும் ஏறவில்லை. எதிர்பாராத விஷயம் இதுதான். பேட்சில் கோப்புப் பெயர்களுக்கு முன்னால் 'ஏ/', 'பி/' (a/, b/) இல்லை. கிட்டோ வழக்கமாகப் பாதையின் முதல் பகுதியை வெட்டிவிடும். எதையும் வெட்டாதே என்று சொல்லும் பி0 (-p0) விருப்பம் சேர்த்ததும் கோப்புகள் கிடைத்தன. ஆனாலும் ஹங்குகள் (பேட்சில் உள்ள தனித்தனி மாற்றப் பகுதிகள்) பொருந்தவில்லை. பேட்சின் வரி முடிவுகள் விண்டோஸ் பாணியில் இருந்தன. பேட்சின் மூலப் பிரதியை, வரி முடிவுகளை யூனிக்ஸ் பாணிக்கு மாற்றும் டாஸ்2யூனிக்ஸில் ஓட்டி, மறுபடி ஃபில்டர்டிஃபால் மாற்றியதும் சுத்தமாக ஏறியது.

கிட்டுக்குப் பதிலாகக் குனு பேட்ச் கருவியைப் பயன்படுத்தச் சொன்னவரும் சரியே. அது கான்டெக்ஸ்ட் டிஃபை நேரடியாகப் படிக்கும், வரி நகர்ந்திருந்தாலும் கொஞ்சம் அனுசரிக்கும். கிட் கட்டாயமில்லை என்றால் அதுவே சுலபம்.