ஷவர் ஹீட்டரில் சுடுதண்ணி வருகுதில்லை, மோட்டரும் காலையில் தண்ணி இழுக்குதில்லை

கேள்வி (விசுவமடுவிலிருந்து)

வணக்கம். வங்கிக் கடனில் கட்டிய வீட்டுக்கு ஆவணியில் குடிவந்தோம். முதல் சொந்த வீடு. கைக்குழந்தை இருக்கிறாள், மார்கழிப் பனிக்குச் சுடுதண்ணி வேண்டும் என்று 3.5 கிலோவாட் ஷவர் ஹீட்டர் பூட்டினோம். இப்போது அதன் லைட் எரிந்து எரிந்து அணைகிறது, தண்ணி வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. ஷவர் ஓட்டைகளில் பாதி வெள்ளையாக அடைபட்டு, ஊசியால் குத்தினால் சுண்ணாம்பாக உதிர்கிறது. தண்ணித் தாங்கி குளியலறைக் கூரையிலேயே இருக்கிறது. மோட்டருக்கும் தினமும் காலையில் தண்ணி ஊற்றினால்தான் கிணற்றிலிருந்து இழுக்கும். நேற்று ஈரக்கையோடு டேப்பைத் திறக்க விரலில் சுள்ளென்றது. பூட்டித் தந்தவர் ஹீட்டர் பழுது, புதிது வாங்குங்கோ என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

பதில் (மாங்குளம், கரண்ட் வேலை செய்பவன்)

தங்கச்சி, மற்றதெல்லாம் பிறகு. முதலில் ஹீட்டரின் மெயின் சுவிட்சை நிறுத்துங்கோ. சுள்ளென்றால் எங்கோ கரண்ட் கசிகிறது, ஏர்த்தும் சரியில்லை. ஈர உடம்புக்கு அது உயிராபத்து, அதுவும் குழந்தை இருக்கிற வீடு. 3.5 கிலோவாட் என்றால் 15 அம்பியருக்கு மேல் இழுக்கும். 13 அம்பியர் பிளக்கில் கொழுவியிருந்தால் கழற்றுங்கோ. போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், கரண்ட் கசிந்தால் தானே நிறுத்திவிடும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், நல்ல ஏர்த் கம்பி, நாலும் வேண்டும். ட்ரிப் சுவிட்சில் டெஸ்ட் பட்டனை அமத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அதை மாற்றும்வரை ஹீட்டரைத் தொட வேண்டாம்.

பதில் (கிளிநொச்சி, பைப் வேலை)

அண்ணன் சொன்னது முடிந்த பிறகு இதைப் பாருங்கோ, பிள்ளை. ஹீட்டரைத் தூக்கி எறியும் அவசரம் வேண்டாம். உங்கள் கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்பு கூட. சூடாகும்போதுதான் அது பிரிந்து படியும், கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பிடிப்பதும் அதுதான். ஷவர் தலையைக் கழற்றி இரவு முழுக்க வினாகிரியில் ஊறப்போடுங்கோ, காலையில் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் கழன்றுவரும். ஹீட்டருக்குத் தண்ணி ஏறும் இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கும். மணலும் பைப் அறுத்த தூளும் அதில் நின்றுவிடும், அதையும் கழுவுங்கோ.

அடுத்தது அமுக்கம். இந்த ஹீட்டர்களுக்குள் தண்ணி போதிய வேகத்தில் ஓடினால்தான் சூடு கொடுக்கும் ஒரு சுவிட்ச் உண்டு. ஓட்டம் குறைந்தால் அது நிறுத்திவிடும், லைட் எரிந்து அணைவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தாங்கி ஷவரைவிட ஒரு மீற்றர் உயரத்தில் இருந்தால் 0.1 பார் அமுக்கம்தான் கிடைக்கும். 10 மீற்றர் உயர்ந்தால்தான் ஒரு பார். தாங்கிக்குத் தனியாக உயர்ந்த ஸ்டாண்ட் போட வேண்டும், அல்லது உள்ளே பம்ப் உள்ள ஹீட்டர் வாங்க வேண்டும். பூட்ட முன்பே தாங்கியின் உயரத்தைப் பார்த்து இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விற்கிறார்களே என்பதுதான் எனக்குக் கோபம்.

பதில் (புதுக்குடியிருப்பு)

மோட்டர் விசயம் அனேகமாகப் புட்வால்வு. கிணற்றுக்குள் பைப்பின் அடியில் இருக்கும். அதில் தூசி, இலைத் துண்டு சிக்கினால் மூடாது, பைப்பில் நிற்கும் தண்ணி இரவோடு கிணற்றுக்குள் இறங்கிவிடும். தண்ணி ஊற்றி நிரப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் மட்டத்தைப் பாருங்கோ. இறங்கினால் புட்வால்வு, இல்லாவிட்டால் இழுக்கும் பைப்பின் மூட்டு எங்கோ காற்று வாங்குகிறது. இன்னொன்று, மேலே வைக்கும் மோட்டர் ஏழு எட்டு மீற்றர் ஆழத்துக்குக் கீழே இருந்து இழுக்காது. புரட்டாதியில் கிணறு வற்றும்போது நினைவில் வையுங்கோ.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. ஹீட்டரை நிறுத்திவிட்டேன். கரண்ட்காரர் வரும்வரை குழந்தைக்கு அடுப்பில் கொதிக்கவைத்துக் கலந்து ஊற்றுகிறோம். நிரப்பிப் பார்த்தேன், மட்டம் இறங்குகிறது. புட்வால்வு என்ன அளவில் வாங்குவது?

பதில் (புதுக்குடியிருப்பு)

பைப்பிலேயே அளவு அடித்திருக்கும். ஒரு அங்குலமோ ஒன்றேகாலோ, அதே அளவு. பித்தளையில் வாங்குங்கோ, வலை உள்ளதாக. கிணற்றின் அடியில் சேறு இருக்கும், அதனால் தரையில் முட்டாமல் ஒரு முழம் மேலே நிற்கிற மாதிரிப் பூட்டச் சொல்லுங்கோ.