ஏ.சி.எல். (முழங்காலுக்குள் இருக்கும் முன் குறுக்குச் சவ்வு) ஒபரேஷனில் அறுந்த சவ்வின் மிச்சத்தை விட்டுவைத்தால் பலன் உண்டா?

கேள்வி (பிசியோதெரபி மாணவி, தெஹிவளை):
றக்பியில் ஏ.சி.எல். முழுசாக அறுந்த 19 வயதுப் பெடியன். அடிபட்டு ஆறாவது கிழமை. எம்.ஆர்.ஐ.யில் கீழ்க்கால் எலும்போடு ஒட்டியபடி நீளமான மிச்சம் தெரிகிறது. அதை வெட்டாமல் ஒட்டு (அறுந்த சவ்வுக்குப் பதிலாக வைக்கும் நாண்) வைத்தால் ஆறுவதற்கு உதவுமா? உயிருள்ள இழையம் என்றால் ஏன் தானாகப் பொருந்தவில்லை?

பதில் (வெள்ளவத்தை):
உயிர் இருக்கிறது தங்கச்சி. மூட்டுப் படலம் வழியாக இரத்தம் வருகிறது, நுனியில் கலங்களும் பெருகுகின்றன. பாலம்தான் இல்லை. முழங்காலின் உள்பக்கச் சவ்வான எம்.சி.எல். கிழிந்தால் இரத்தக்கட்டி இரண்டு நுனிகளையும் இணைத்து நிற்கும். இங்கே மூட்டுத் திரவத்தில் உள்ள பிளாஸ்மின் என்ற நொதியம் அந்தக் கட்டியைக் கரைத்துவிடும். பிறகு சுருங்கும் கலங்கள் நிறைந்த படலம் நுனியை மூடி, உருண்டையாக்கிவிடும். சிலவேளை மிச்சம் பக்கத்திலுள்ள பின் குறுக்குச் சவ்வான பி.சி.எல்.லில் போய் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

ஒட்டு நாண் வைக்கும்போது அதற்குச் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது. மிச்சம் அதைப் போர்த்தியிருந்தால் நாளங்கள் உள்ளே வளர வழி கிடைக்கும். மூட்டின் நிலையை உணரும் நரம்பு முனைகளும் மிச்சத்தில் உள்ளன. நாள் போகப்போக மிச்சம் சுருங்கும் என்பதால் ஆறு கிழமை நல்ல நேரம். ஆனால் முழங்கால் இன்னும் வீங்கி, நீட்ட முடியாமல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பதில் (தியேட்டர் பக்கம்):
மிச்சத்துக்காக, ஒட்டைச் செருக எலும்பில் போடும் துளையின் இடத்தை விட்டுக்கொடுக்கவே கூடாது. தொடை எலும்பில் சவ்வு பிடித்திருந்த இடம் மறைந்தால், மறைக்கும் பகுதியை எடுத்தே ஆகவேண்டும். தவறான துளையை எந்த மிச்சமும் ஈடுசெய்யாது. கீழ்க்கால் எலும்பில் போடும் துளை மிச்சத்தின் நடுவால் வரவேண்டும். ஒட்டின் விட்டம் 8 மி.மீ.க்குக் குறையாமல் இருப்பது நல்லது. முடிக்கும் முன் காலை முழுசாக நீட்டி, ஸ்கோப்பில் (மூட்டுக்குள் பார்க்கும் கமராக் குழாய்) பாருங்கள். முன்பக்கம் தொங்கும் சதை நசிந்தால் அதை மட்டும் சீவிவிடலாம். விட்டால் அது சைக்ளொப்ஸ் எனப்படும் தழும்புக் கட்டியாகி, கடைசி 5 பாகை நீளாமல் தடுக்கும்.

பதில் (பிசியோ, கொழும்பு 06):
மிச்சம் இருந்தாலும் கால அட்டவணை மாறாது. ஒபரேஷனுக்குப் பிறகு 6 முதல் 12 கிழமை வரை ஒட்டு மிகவும் பலவீனமாக இருக்கும், வலியோ குறைந்திருக்கும். காலி வீதியில் ஓடும் பஸ்ஸின் மிதிபலகையிலிருந்து குதிக்கிற வயது, கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். குதிக்காலுக்குக் கீழே சுருட்டிய துவாய் வைத்து 10 நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தரம் நீட்டட்டும். றக்பிக்கு 9 மாதத்துக்கு முன் விடவேண்டாம். 3 மாதம் கழிந்தும் கால் முழுசாக நீளாமல், நீட்டும்போது முன்பக்கம் நொந்தால், பயிற்சியால் அழுத்தாமல் திரும்ப எம்.ஆர்.ஐ. கேளுங்கள்.