நாடகக்காரர்களின் பழைய காகிதப் பெட்டிகள்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

நானே தொடங்கிவைக்கிறேன். ஒரு நடிகையின் சொந்தக் காகிதங்கள் காப்பகத்தில் இருப்பது தெரிந்து பார்க்கப் போனேன். கடிதமோ டைரியோ சிக்கும் என்று ஆசை. பெட்டியில் பாதிக்கு மேல் ரசீதுகள்! விக், காலணி, ரயில் கட்டணம், விடுதி வாடகை. முதலில் சப்பென்றுதான் இருந்தது. தேதிகளைக் குறித்துக்கொண்டே வந்தபோது அவர் சுற்றுப்பயணம் போன வழி தெளிவானது. எந்த மாதங்களில் கடனில் ஓட்டினார் என்பதும் தெரிந்தது.

ஷேக்ஸ்பியர் காலத்து நாடக முதலாளி பிலிப் ஹென்ஸ்லோவின் ‘டைரி’யும் இப்படித்தான். பெயர்தான் டைரி, உள்ளே வசூலும் கடனும் உடைச் செலவும். நடிகர் எட்வர்ட் அலெய்ன் 1619-ல் நிறுவிய டல்விச் கல்லூரியில் அது இருக்கிறது. அந்தக் கால நாடகத் தொழிலைப் பற்றி எழுதுகிற யாரும் அதைத் தொடாமல் போக முடியாது.

* * *

என் பங்குக்கு நாடக நோட்டீஸ்கள். 18ஆம் நூற்றாண்டு லண்டன் நோட்டீஸ்களில் கிழமை, தேதி, மாதம் எல்லாம் இருக்கும். வருடம் பெரும்பாலும் இருக்காது. இன்று ஒட்டி நாளை கிழிக்கிற காகிதத்துக்கு வருடம் எதற்கு என்று விட்டிருப்பார்கள் போல.

வருடத்தைக் கண்டுபிடிக்க, அந்தக் கிழமையில் அந்தத் தேதி விழும் வருடங்களை முதலில் எடுக்க வேண்டும். பொதுவாக 5, 6 அல்லது 11 வருட இடைவெளியில் வரும். அப்புறம் நடிகர் பட்டியலைப் பார்த்து, அப்போது யார் எந்தக் குழுவில் இருந்தார்கள் என்று கழித்துக்கொண்டே போக வேண்டும். ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதிய வருடத்தை அப்படியே நம்பாதீர்கள். நான் பார்த்த ஒன்றில் எழுதியிருந்த வருடப்படி அந்தத் தேதி ஞாயிறு. ஞாயிறன்று அந்தக் காலத்தில் அங்கே நாடகமே கிடையாது!

கேப்ரியல் என்தோவன் என்ற அம்மையார் 80,000-க்கும் மேற்பட்ட நோட்டீஸ்களைச் சேர்த்து, 1924-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு விடாமல், தன் கைக்காசைச் செலவழித்துப் பட்டியல் போடும் வேலையையும் பார்த்தார். சேகரிப்பதைவிட அதுதான் பெரிய காரியம் என்பேன்.

* * *

பட்டியல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பெட்டி விவரப் பட்டியலின் கடைசியில் ‘இதர’ என்று ஒரு வரி இருக்கும். நான் முதலில் கேட்பது அதைத்தான். விருதுப் பத்திரம், கையெழுத்திட்ட புகைப்படம் எல்லாம் எங்கே போய்விடும்?

ஓர் ‘இதர’ பெட்டியில் பிராம்ப்டரின் (மேடையோரம் இருந்து நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பவர்) பிரதியிலிருந்து கழன்ற தாள்கள் கிடைத்தன. அச்சான வசனத்தில் பாதி அடிக்கப்பட்டிருந்தது. விளக்கு எப்போது மங்க வேண்டும், யார் எந்தப் பக்கம் நுழைய வேண்டும் என்று ஓரமெல்லாம் குறிப்பு. ஒரு நீண்ட வசனத்தின் பக்கத்தில் “இருமல், நிறுத்து” என்று எழுதி, பிறகு அதையும் அடித்திருந்தார்கள். இருமியது நடிகரா, பார்வையாளரா? அச்சான நாடகப் புத்தகத்தில் இதற்கெல்லாம் விடை கிடைக்காது. எந்தத் தயாரிப்பின் பிரதி என்றே எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிராம்ப்டர் குறியீடுகள் படித்துப் பழகியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சுற்றுக்குள் குறுக்குக்கோடு போட்டால் என்ன அர்த்தம்?