கடினபந்துக் கிரிக்கெற்றுக்குப் புதுத் துடுப்பு: கடையில என்னத்தைப் பாக்கிறது, வாங்கினபிறகு என்ன செய்யிறது?

பரந்தன்காரன்:

வணக்கம். தம்பிக்கு 16 வயது, உயரம் 5 அடி 6 அங்குலம். வலது கை, மூன்றாவதா இறங்கிறவன். இவ்வளவு நாளும் பாடசாலைப் பையில கிடக்கிற துடுப்புகளாலதான் ஆடினவன். அடுத்த மாதம் கொழும்புக்குப் போகேக்க சொந்தமா ஒண்டு எடுத்துக் குடுக்க யோசிக்கிறம். கிளிநொச்சிப் பக்கத்தில அவன் ஆடுறது கொங்கிறீற்றுக்கு மேல விரிச்ச தும்பு மற்றிங்கில. வெளி மாவட்டத்துக்குப் போனால் சிலநேரம் புற்தரை.

பெரிய ஆக்களின்ரதுக்கு ஒரு படி கீழ வாற ஹரோ அளவு எடுக்கிறதா, பெரிய ஆக்களின்ர ஷோர்ட் ஹாண்டிலா? நல்ல காஷ்மீர் வில்லோ மரத் துடுப்பின்ர விலைக்கு மேல கொஞ்சம் போட்டா இங்கிலிஷ் வில்லோவில தரம் 3, தரம் 4 வருது. அந்த மேலதிகக் காசு தகுமா? கடைக்குள்ள பந்து போட்டு அடிச்சுப் பாக்க ஏலாது. நிண்ட நிலையில என்னத்தைச் சோதிக்கலாம் எண்டு தெரிஞ்சவை சொல்லுங்கோ.

மாங்குளம் மற்றிங்:

முதல் விசயம், தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கோ. அவரில்லாமல் துடுப்பு எடுக்கிறது அளவு எடுக்காமல் சப்பாத்து வாங்கிறமாதிரி.

5 அடி 6 எண்டது ரெண்டு அளவுக்கும் நடு எல்லை. ஹரோ ஏறத்தாழ 32¾ அங்குலம், ஷோர்ட் ஹாண்டில் ஏறத்தாழ 33½. உயர அட்டவணை கொம்பனிக்குக் கொம்பனி மாறும், அதை நம்பி முடிவெடுக்காதேங்கோ. விளையாட்டுச் சப்பாத்தோட நிண்டு, அடிநுனியைப் பின்காலின்ர சின்னவிரலுக்குப் பக்கத்தில வைச்சு, பந்தை எதிர்பாக்கிறமாதிரிக் குனியச் சொல்லுங்கோ. கைபிடியின்ர மேல்முனை முன்தொடையின்ர உள்பக்கத்தில, தொடை முடியிற இடத்துக்குக் கொஞ்சம் கீழ வந்தால் சரி. வயித்தில முட்டினால் நீளம். "வளருற பிள்ளைதானே" எண்டு பெரிசா எடுக்கிற பழக்கம் எங்கட ஆக்களிட்ட நிறைய இருக்கு. நீளமான துடுப்பைக் கொண்டு மற்றிங்கில எழும்பிற பந்தை இழுத்து அடிக்கப் போனால் கைபிடி உடம்பில சிக்கும், அடி பிந்தும். பிறகு கீழ்க்கையால இழுக்கப் பழகி, நேர வரவேண்டிய துடுப்பு குறுக்கால வரும். அந்தப் பழக்கத்தை மாத்த வருசக்கணக்காகும்.

நிறையில 2 இறாத்தல் 7 அவுன்சில இருந்து 9 அவுன்சுக்குள்ள பாருங்கோ, அதாவது ஏறத்தாழ 1106 கிராமில இருந்து 1162 கிராம். சமையலறை டிஜிட்டல் தராசு ஒண்டைப் பைக்குள்ள கொண்டுபோங்கோ. ஒட்டியிருக்கிற நிறை கிறிப் (கைபிடி றப்பர் உறை) போட முன்னம் நிறுத்ததாயும் இருக்கலாம். ஒரு கிறிப் மட்டும் 50 கிராம் அளவு வரும்.

ஆனா தராசு பாதிக் கதைதான் சொல்லும். ஒரே நிறையில ரெண்டு துடுப்பு இருந்தால் ஒண்டு கையில மிதக்கும், மற்றது அடிநுனியால இழுக்கும். மரத்தின்ர பாரம் எங்க குவிஞ்சிருக்கெண்டதில வாற வித்தியாசம் அது. இப்பிடிச் சோதியுங்கோ: மேற்கையால மட்டும், தம்பிக்கு இடதுகை, பிடிச்சுப் பின்னால தூக்கி நேர கீழ கொண்டுவரவேணும். பத்துத் தரம். ஆறாவது ஏழாவது தரத்தில மணிக்கட்டு திறந்து அடிநுனி வெளிப்பக்கம் போகத் துவங்கினால் அந்தத் துடுப்பை வைச்சிடுங்கோ, என்ன வடிவா இருந்தாலும்.

இன்னொண்டு. துடுப்பைப் பக்கவாட்டில கண்ணுக்கு நேர பிடிச்சுப் பாத்தால் முதுகு எங்க கூட வீங்கியிருக்கெண்டு தெரியும். வீக்கம் அடியில இருந்தால் அது பந்து எழும்பாத ஆடுகளத்துக்குச் செய்தது. கொங்கிறீற்றுக்கு மேல தும்பு விரிச்சால் பந்து நல்லா எழும்பும், அடிபடுறது அந்த வீக்கத்துக்கு மேலதான். நடுவில வீங்கினதை எடுங்கோ, புற்தரைக்கும் அது உதவும்.

வவுனியா வில்லோ:

மரத்தைப் பற்றி நான் எழுதுகிறேன்.

காஷ்மீர் வில்லோ பொதுவாக அடர்த்தி கூடியது. அதனால் அதே நிறைக்கு மெல்லிய துடுப்புத்தான் கிடைக்கும். இங்கிலிஷ் வில்லோ மென்மையானது, பந்து அழுத்தித் திரும்பி எழும்புவது அந்த மென்மையால்தான். உங்கள் கேள்விக்கு நேரான பதில்: காசு இருந்தால் தரம் 3 இங்கிலிஷ். தரம் 1 வேண்டவே வேண்டாம்.

தரம் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் முகத்தின் அழகு. ரேகை நேராக, சம இடைவெளியில், கறையில்லாமல் இருந்தால் 1. ஓரத்தில் சிவப்புப் பட்டை வந்தால், சின்னப் புள்ளி இருந்தால், ரேகை சற்றுச் சாய்ந்தால் 2, 3 என்று இறங்கும். அந்தச் சிவப்பு மரத்தின் உள்வைரம், அதனால் அடிக்கு ஒரு குறையும் இல்லை. வண்ணத்துப்பூச்சிச் சிறகு விரித்ததுபோல ஒரு கறை வரும். அது இருக்கும் மரம் உறுதி கூடியது, விலை மட்டும் குறைவு. தரம் 4 இல் நிறத்தை மறைக்க வெளிற வைத்திருப்பார்கள், அதில் ரேகையை வாசிப்பது கடினம்.

ஒரு ரேகை மரத்தின் ஒரு வருட வளர்ச்சி. முகத்தில் 6 முதல் 9 வரை இருந்தால் தம்பிக்குப் போதும். 12, 13 என்று நெருக்கமாக ஓடுவது தொடக்கத்திலேயே நன்றாகப் பேசும், ஆனால் ஆயுள் குறைவு. ரேகை எத்தனை என்பதைவிட, கைபிடிப் பொருத்தில் இருந்து அடிநுனி வரைக்கும் அது வெட்டுப்படாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். பாதியில் ஓரத்தால் வெளியேறினால் அந்த இடத்தில்தான் பிற்பாடு பிளக்கும்.

முகம் முழுக்க மங்கலான பிளாஸ்டிக் உறை ஒட்டி, மேலே "இங்கிலிஷ் வில்லோ" என்று ஸ்ரிக்கர் அடித்து வருவதில் அவதானம். உறைக்குக் கீழே காஷ்மீரும் இருக்கலாம். தோள்பட்டையிலும் அடிநுனியிலும் உறை இல்லாத மரம் தெரியும். மண்ணிறம் கூடி, ரேகை அகலமாக மங்கி இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

இனிச் சத்தம். பையில் ஒரு பழைய தோல் பந்து கொண்டுபோங்கள். கைபிடியின் மேல்முனையை இரண்டு விரலால் மட்டும் தளர்வாகப் பிடித்துத் துடுப்பைத் தொங்கவிடுங்கள். மறுகையில் பந்தை வைத்து அடிநுனிக்கு 2 அங்குலம் மேலே மெதுவாகத் தட்டுங்கள். விரலுக்கு ஒரு நடுக்கம் வரும். ஒவ்வோர் அங்குலமாக மேலே ஏறித் தட்டிக்கொண்டு வாருங்கள். ஓரிடத்தில் நடுக்கம் சட்டென்று அடங்கி, பந்து விரலை விட்டுத் தானாகத் துள்ளும், சத்தமும் "தொப்" என்பதில் இருந்து "டொக்" என்று திறக்கும். அந்த இடம் எவ்வளவு நீளத்துக்குத் தொடர்கிறது என்பதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது. 2 அங்குலத்தில் முடிந்தால் சின்ன மையம், 4 அங்குலம் ஓடினால் நல்ல துடுப்பு. ஒரே நிறையுள்ள மூன்று நான்கை வரிசையாக வைத்து ஒப்பிடுங்கள், தனியொன்றின் சத்தம் எதையும் சொல்லாது. இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று தட்டாதீர்கள், எல்லாமே நன்றாகக் கேட்கும்.

கடைசியாகக் கைபிடி. அடிநுனியைச் சப்பாத்தின் மேல் வைத்து, கைபிடியை முன்னும் பின்னும் மெதுவாக அழுத்துங்கள். வளையலாம், கறகற என்று சத்தம் வரக்கூடாது. வி வடிவப் பொருத்தில் நகம் நுழையும் இடைவெளி இருந்தால் பசை சரியாகப் பிடிக்கவில்லை.

முள்ளியவளைச் சுழல்:

வில்லோ அண்ணை சொன்னதில ஒரு விசயத்தில எனக்கு வேற கருத்து. பயிற்சியில என்ன பந்து பாவிக்கினம் எண்டு முதல்ல பாருங்கோ. மலிவான ரெண்டு துண்டுத் தோல் பந்து கல்லுமாதிரி இருக்கும், கோர்க் பந்து அதைவிட மோசம். அந்தப் பந்துகளால கிழமைக்கு நாலு நாள் பயிற்சி எண்டால் இங்கிலிஷ் வில்லோ ஒரு பருவம் தாங்காது. ஓரம் கிழியும், அடிநுனி உடையும். அப்பிடியெண்டால் பயிற்சிக்கு ஒரு காஷ்மீர், போட்டிக்கு மட்டும் இங்கிலிஷ். ரெண்டுக்கும் காசு காணாதெண்டால் நல்ல காஷ்மீர் ஒண்டை எடுத்து, மிச்சத்தில தலைக்கு அளவான ஹெல்மெற் வாங்குங்கோ. எழும்பிற மற்றிங்கில பொது ஹெல்மெற் ஆடி ஆடிக் கண்ணை மறைக்கிறதைப் பாக்கவே பயமா இருக்கும்.

மென்பந்துத் துடுப்பால கடினபந்து ஆடலாமோ எண்டு கேக்கிற பெடியளுக்கும் சேத்துச் சொல்லுறன்: வேண்டாம். முதுகைக் குடைஞ்சு நிறை குறைச்ச மரம் அது, காலடிக்கு வாற முதல் யோக்கரிலயே பிளக்கும்.

வவுனியா வில்லோ:

சுழல் சொல்வது நியாயம். கோர்க் பந்தில் ஆடுவதானால் நானும் காஷ்மீர்தான் சொல்வேன்.

பரந்தன்காரன்:

எல்லாருக்கும் நன்றி. பயிற்சிக்குப் பாடசாலைத் துடுப்பு தொடர்ந்து இருக்கும், அதால போட்டிக்குத் தரம் 3 எடுக்கிறதெண்டு முடிவு. கடைக்காரர் தொலைபேசியில "எல்லாம் மரச்சுத்தியலால தட்டிப் பழக்கித்தான் வருது, நேர கொண்டுபோய் ஆடலாம்" எண்டார். உண்மையே? புதுத் துடுப்புக்குப் பூசுற லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் இங்க ஹாட்வெயாரில கேட்டால் காய்ச்சினதுதான் இருக்காம். அது பூசலாமோ?

வவுனியா வில்லோ:

காய்ச்சியது வேண்டாம். அது சாயத்துக்குக் கலப்பது, சீக்கிரம் காயும் மருந்து சேர்த்தது, மேலே தோல்போலப் படிந்துவிடும். பச்சை லின்சீட் எண்ணெய் என்று கேட்டு, துடுப்பு வாங்கும் கடையிலேயே எடுங்கள். ஒரு பூச்சுக்கு ஒரு தேக்கரண்டி. துணியால் முகம், ஓரங்கள், அடிநுனி. கைபிடிப் பொருத்தில் படக்கூடாது, பசை இளகும். முகத்தில் உறை ஒட்டியிருந்தால் மரம் தெரியும் இடங்களுக்கு மட்டும். முகம் மேலே பார்க்கப் படுக்கவைத்து ஒரு நாள் விடுங்கள். நிறுத்திவைத்தால் எண்ணெய் முழுக்க அடிநுனியில் இறங்கும். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு இரண்டாம் பூச்சு, அதோடு போதும். மூன்று நான்கு என்று ஊற்றினால் துடுப்பு பாரமாகிச் செத்த சத்தம் போடும்.

தட்டி வருகிறது என்பது உண்மைதான், ஆனால் போதாது. அதற்கு மேல் 2 மணித்தியாலமாவது நீங்கள் தட்ட வேண்டும். தட்டாததென்றால் மொத்தம் 5 முதல் 6 மணித்தியாலம், இருபது இருபது நிமிடமாக. மரச்சுத்தியல் கடையில் இல்லாவிட்டால் தச்சரிடம் பாலையிலோ முதிரையிலோ கடைந்து எடுக்கலாம், தலை பந்துபோல உருண்டையாக இருக்கவேண்டும், விளிம்பு இருந்தால் முகத்தில் பள்ளம் விழும். பழைய பந்தைக் காலுறைக்குள் போட்டுக் கட்டியும் தட்டலாம், நேரம் கூடப் பிடிக்கும்.

முதல் மணித்தியாலம் சுத்தியலின் பாரத்தாலேயே விழவிடுங்கள், கைப்பலம் வேண்டாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஓரங்களை நேரே அடிக்காமல் 45 பாகையில் சாய்த்துத் தடவி விழுத்துங்கள். கூரான விளிம்பு உருண்டு வருவதை விரலால் தடவினால் உணரலாம். நேரம் கூட எடுக்க வேண்டியது இந்த ஓரங்களுக்கும் அடிநுனிக்கு மேலுள்ள 2 அங்குலத்துக்கும்தான், நடு தன்பாட்டில் பழகிவிடும். அடிநுனியின் அடிப்பாகத்தை, முதுகை ஒருபோதும் தட்டாதீர்கள்.

முடிந்ததா என்று பார்க்க, பழைய பந்தொன்றை யாரையாவது மெதுவாகப் போடச் சொல்லி முகத்தால் வாங்குங்கள். பந்தின் தையல் முகத்தில் பதிந்து நகத்துக்குத் தட்டுப்பட்டால் இன்னும் ஒரு மணித்தியாலம். தடம் மட்டும் தெரிந்து பள்ளம் இல்லையென்றால் வலைப் பயிற்சிக்குப் போகலாம். புதுப்பந்து கடைசியாகத்தான்.

மாங்குளம் மற்றிங்:

மற்றிங்குக்கெண்டு சில விசயம் இருக்கு. தும்பு அரத்தைவிட மோசமா மரத்தைத் தின்னும். பந்துக்குக் காத்துக்கொண்டு நிக்கேக்க அடிநுனியால தட்டுற பழக்கம் இருந்தால், ஒரு பருவத்திலயே மூலை தேஞ்சு நார் நாராப் பிரியும். ஆகவே மற்றிங்கில இறக்க முன்னமே அடிநுனிக்கு றப்பர்க் காப்பு ஒட்டுங்கோ. விதிப்படி அது 3 மில்லிமீற்றருக்கு மேல தடிக்கக்கூடாது, முகத்து உறை 1 மில்லிமீற்றர். அடிநுனியைச் சாண்ட் பேப்பரால மெல்லிசா உரஞ்சி, சப்பாத்துத் தைக்கிறவை பாவிக்கிற ஒட்டுப்பசையை ரெண்டு பக்கமும் பூசி, பத்து நிமிசம் காயவிட்டு அழுத்துங்கோ. ஈரமா இருக்கேக்க ஒட்டினால் ரெண்டாம் நாளே கழரும். எண்ணெய் பூசி ரெண்டு நாளாவது போகவேணும், எண்ணெய் மரத்தில பசை பிடிக்காது. மற்றிங்கை இழுத்துக் கட்டின இரும்பு ஆணிகள் ஓரத்தில நிக்கும், ஓட்டம் எடுத்து வரேக்க அந்தப் பக்கம் துடுப்பை இழுக்காமல் பாத்துக்கொள்ளச் சொல்லுங்கோ.

மாரியில, ஒக்ரோபரில இருந்து தைவரைக்கும், தும்பு தண்ணியைக் குடிச்சு வைச்சிருக்கும். மேல காஞ்சமாதிரித் தெரியும், கையால அழுத்தினால் ஈரம் வரும். அந்த ஈரம் அடிநுனியால ஏறி மரம் வீங்கும், பிறகு காயேக்க வெடிக்கும். வீட்டிலயும் சீமெந்து நிலத்தில நிறுத்திவைக்காதேங்கோ. பொலித்தீனில சுத்தவும் வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். துணி உறை காணும், அலுமாரிக்கு மேல படுக்கவைக்கலாம்.

சோளகம் வீசுற நேரம் கதை எதிர்மாறு. வன்னி வெயிலில தகரக் கூரைக்குக் கீழ ஒரு மத்தியானம் வைச்சாலே மரம் ஈரத்தை இழந்திடும். மோட்டார்சைக்கிளில கட்டினபடி மைதானத்து வெயிலில விடுறதும் அப்பிடித்தான். காஞ்ச துடுப்பைத் தூக்கினால் நிறை குறைஞ்சமாதிரித் தெரியும், அடிக்கேக்க ரேகை வழியே பிளக்கும். பருவத்துக்கு ஒருக்கா அரைத் தேக்கரண்டி எண்ணெய், மரம் தெரியிற இடத்துக்கு.

முகத்தில ரேகையோட ஓடுற மெல்லிய கீறல் வந்தால் பயப்படாதேங்கோ, அது சாதாரணம். ஓரத்தில வந்தால் பசை விட்டு, இறுக்கிக் காயவைச்சு, ஃபைபர் நாடா ஒரு சுத்து. ஆனா ரேகைக்குக் குறுக்கால, கைபிடிப் பொருத்துக்குக் கிட்ட கீறல் கண்டால் அண்டைக்கே நிப்பாட்டி, பத்துச்சீட்டோட கடைக்குக் கொண்டுபோங்கோ.