ஸ்ட்ரிப் கருஞ்சிவப்பு ஆனால் "கொழுப்பு கரையுது" என்று சொல்லலாமா?

தண்டையார்பேட்டை லேப்
பெரம்பூர், வியாசர்பாடி ஜிம் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "சோறு, இட்லியை நிறுத்துங்கள். சிறுநீரில் கீட்டோன் ஸ்ட்ரிப்பை நனைத்துப் பாருங்கள். எவ்வளவு கருஞ்சிவப்போ அவ்வளவு கொழுப்பு கரைகிறது." தப்பு. கீட்டோன் என்பது கல்லீரல் கொழுப்பிலிருந்து செய்யும் பொருட்கள். ஸ்ட்ரிப்பில் உள்ள நைட்ரோபுருசைடு என்ற ரசாயனம் பிடிப்பது அவற்றில் ஒன்றான அசிட்டோஅசிடேட்டைத்தான். ரத்தத்தில் அதிகம் ஓடும் இன்னொரு கீட்டோனான பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் அதன் கண்ணுக்கே தெரியாது. தண்ணீர் நிறையக் குடித்தால் நிறம் வெளிறும், குறைத்தால் கருக்கும். டப்பா மூடியைத் திறந்தே வைத்தால் நம்ம கடலோர ஈரத்தில் ஸ்ட்ரிப் கெட்டு, கீட்டோன் இருந்தும் இல்லை என்று காட்டும். கேப்டோபிரில் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கோ இல்லாததை இருப்பதாகக் காட்டும். கீட்டோன் தெரிந்தாலே உஷாராக வேண்டும், கொண்டாடக் கூடாது.

ராயபுரம் பயோகெம்
ஸ்ட்ரிப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி சார். கடைசி வரிதான் இடிக்கிறது. கீட்டோன் கழிவு இல்லை, கல்லீரல் வேண்டுமென்றே செய்து அனுப்பும் எரிபொருள். இன்சுலின் இறங்கினால் மலோனைல் கோஏ என்ற மூலக்கூறு குறையும். கொழுப்பமிலம், செல்லின் எரிஉலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும் வாசலை அடைத்து வைத்திருப்பது அதுதான். வாசல் திறந்ததும் கொழுப்பமிலம் உடைந்து அசிட்டைல் கோஏ குவிகிறது, எச்.எம்.ஜி கோஏ என்ற இடைப்பொருள் வழியாக அசிட்டோஅசிடேட் ஆகிறது, அதில் பெரும்பகுதி பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட்டாக மாறி ரத்தத்துக்கு வருகிறது. கல்லீரலால் இதை எரிக்க முடியாது. எரிக்கத் தொடங்க வேண்டிய நொதி, ஸ்காட் என்று சுருக்கிச் சொல்வது, அதனிடம் இல்லை. செய்கிற இடத்திலேயே தீர்ந்துபோகாமல் முழுதும் வெளியே போகிறது. கழிவுக்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு?

1967இல் பாஸ்டனில் ஆய்வாளர்கள் கேஹிலும் ஓவனும், 5–6 வாரம் பட்டினி கிடந்த பருமனானவர்களின் மூளைக்குப் போகும் ரத்தத்தையும் திரும்பும் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். மூளையின் எரிபொருளில் பாதிக்கு மேல் கீட்டோன். சாதாரணமாக மூளை நாளுக்கு 100–120 கிராம் குளுக்கோஸ் கேட்கும். கொழுப்பமிலத்தை மூளை எரிபொருளாக எடுத்துக்கொள்வது மிகக் குறைவு. கீட்டோன் இல்லாவிட்டால் அந்தக் குளுக்கோஸுக்காகத் தசை கரைந்துகொண்டே இருக்கும். பட்டினியின் முதல் நாட்களில் சுமார் 75 கிராம் புரதம் போவது சில வாரத்தில் 20 கிராம் அளவுக்கு இறங்குவது இதனால்தான்.

தண்டையார்பேட்டை லேப்
பாஸ்டனில் பட்டினி கிடந்தவர்களுக்கு இன்சுலின் சுரந்தது. இங்கே ஸ்ட்ரிப் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் சுகர்காரர்கள். அந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ராயபுரம் பயோகெம்
வைக்கவில்லை. எண்ணைப் பாருங்கள் என்கிறேன். ராத்திரி சாப்பிட்டுக் காலையில் பார்த்தால் லிட்டர் ரத்தத்தில் கீட்டோன் 0.1 முதல் 0.4 மில்லிமோல். வாரக்கணக்கில் பட்டினி என்றால் 5–7. அதற்கு மேல் ஏறாததற்குக் காரணம், கீட்டோனே கொழுப்பு செல்லின் ஏற்பியில் (சமிக்ஞை வாங்கும் புரதம்) உட்கார்ந்து கொழுப்பு உடைவதைக் குறைக்கிறது, கொஞ்சம் இன்சுலினும் சுரந்துகொண்டிருக்கிறது. இன்சுலினே இல்லாத டைப் 1 சுகர் நோயில் இந்தப் பிடி விட்டுப்போய் 15, 20 என்று ஏறும்.

காசிமேடு வலைக்காரன்
தலைவா, பட்டினி பட்டினின்னே பேசிக்கிட்டு இருக்கீங்களே. ஹார்பர்ல ஏலத்துக்கு வர்ற சுறாவைப் பாருங்க. அதோட இதயமும் தசையும் கொழுப்பமிலத்தை எரிக்கிறது ரொம்பக் கம்மி. வயிறு ரொம்பியிருந்தாலும் கல்லீரல் அனுப்புற கீட்டோன்லதான் நிறைய ஓடுது. கீட்டோன்னா நோய், பட்டினின்றது மனுஷன் கணக்கு.

மாதவரம் கால்நடை
மாட்டிலும் அப்படித்தான். தின்ற தீவனம் புளித்து வரும் பியூட்டிரேட் என்ற அமிலத்தை முதல் வயிறான ரூமனின் சுவரே பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட்டாக மாற்றிவிடும். வயிறு நிறைந்த மாட்டுக்கும் ரத்தத்தில் கீட்டோன் இருக்கும்.

ஆனால் லேப் சாரின் பயத்துக்கும் மாட்டுக் கொட்டகையில் சாட்சி உண்டு. ஒரு லிட்டர் பாலுக்குச் சுமார் 72 கிராம் குளுக்கோஸ் வேண்டும். 20 லிட்டர் கறக்கும் கலப்பினப் பசுவுக்குப் பாலுக்கே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. கன்று போட்ட முதல் வாரங்களில் அந்த அளவுக்குத் தீனி ஏறாது. கொழுப்பு உருகி கல்லீரலில் படியும், கீட்டோன் ஏறும், பசு தீனியை இன்னும் குறைக்கும். 1.2 மில்லிமோலைத் தாண்டினால் மறைநிலை கீட்டோசிஸ், அதாவது வெளியே அறிகுறி தெரியாத கீட்டோன் மிகுதி. ரத்தத்தை வால் ரத்தக்குழாயில் எடுங்கள். மடி ரத்தக்குழாயில் எடுத்தால் மடி உறிஞ்சிய மிச்சம்தான் வரும், எண் குறைத்துக் காட்டும். சிகிச்சைக்கு, கல்லீரல் குளுக்கோஸாக மாற்றிக்கொள்ளும் புரோபைலீன் கிளைக்கால் நாளுக்கு 300 மில்லி, 5 நாள், வாய்வழி. தலையை அண்ணாக்கத் தூக்கி ஊற்றினால் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியும். சினைக்காலத்தில் அளவு மீறிக் கொழுத்த பசுவுக்குத்தான் இது அதிகம் வரும். அந்த மாதங்களில் தீவனத்தை அளந்து போடாதவர் கன்று போட்ட பிறகு கிளைக்கால் தேடுகிறார்.

சந்தேகப் பேர்வழி
எரிபொருள் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. "கீட்டோன் மரபணுவையே திருத்தும், வீக்கத்தை அணைக்கும்" என்று பவுடர் விற்பவர்களிடம்தான் சண்டை. 2013 ஆய்வில், மரபணுக்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஹிஸ்டோன் நொதிகளைக் கீட்டோன் தடுத்ததும், 2015இல் என்.எல்.ஆர்.பி3 வீக்கப் பாதையை அடக்கியதும் உண்மை. ஆனால் அங்கே வேலை செய்தவை மில்லிமோல் கணக்கு அளவுகள், செல்லில் 10 வரைகூடப் போட்டார்கள். காலை டிபனைத் தள்ளிப்போட்டு 0.3 வந்தவருக்கு அதைச் சொல்வது வியாபாரம். பவுடர்களில் பலவற்றில் நம் உடம்பு செய்யாத, கண்ணாடிப் பிம்பம் போன்ற எதிர்வடிவமும் பாதி கலந்திருக்கும். ரத்தக் கீட்டோன் மீட்டர் அதை எண்ணாது, கூடவே வரும் சோடியத்தையும் எண்ணாது.

ராயபுரம் பயோகெம்
இதில் எனக்கும் மறுப்பில்லை. கொழுப்பு செல்லின் ஏற்பி மட்டும் விதிவிலக்கு, ஒரு மில்லிமோலுக்குக் கீழேயே அது வேலை செய்யத் தொடங்கும். வலிப்பு நோய்க்கான கீட்டோ உணவு 1921இலேயே மேயோ கிளினிக்கில் வந்துவிட்டது. குளுக்கோஸ் மூளைக்குள் நுழைய முடியாத குளூட்1 குறைபாட்டுக் குழந்தைகளுக்கு அதுதான் முதன்மைச் சிகிச்சை. பவுடர்காரன் பொய் சொல்கிறான் என்பதற்காகக் கீட்டோனைக் குற்றவாளி ஆக்க வேண்டாம்.

தண்டையார்பேட்டை லேப்
சரி, என் கேள்வி இதுதான். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் சுகரைச் சிறுநீரில் தள்ளுகின்றன, இன்சுலின் இறங்குகிறது. அதோடு சோற்றையும் நிறுத்தினால், அல்லது வாந்தி எடுத்தால், சுகர் 160 காட்டும்போதே ரத்தம் அமிலமாகலாம். மீட்டரில் சுகர் சரியாக இருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். இந்த ஆளிடம் "கீட்டோன் நல்ல எரிபொருள்" என்று சொல்வீர்களா?

ராயபுரம் பயோகெம்
சொல்ல மாட்டேன். அந்த மாத்திரையில் இருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் கீட்டோ டயட்டைத் தொடவே கூடாது. அறுவை சிகிச்சை என்றால் இந்த இரண்டையும் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். குமட்டல், வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் சுகர் எவ்வளவு இருந்தாலும் ரத்தக் கீட்டோன் பார்க்க வேண்டும். 3 மில்லிமோல் தொட்டால் நேரே அவசரப் பிரிவு.

தண்டையார்பேட்டை லேப்
அங்கேயும் ஸ்ட்ரிப் ஏமாற்றும். ரத்தம் அமிலமாகி முற்றிய நிலையில் ஹைட்ராக்ஸிபியூட்டிரேட்தான் மிகுதி, நிறம் லேசாக இருக்கும். இன்சுலின் ஏறியதும் அது அசிட்டோஅசிடேட்டாகத் திரும்பும், ஆள் தேறும்போது நிறம் கருக்கும். "மோசமாகிறது" என்று உறவினர்கள் பதறுவார்கள். எதிர்ப்பக்கத் தப்பு இன்னும் கெட்டது: சுகர் இறங்கியதும் இன்சுலின் டிரிப்பை நிறுத்துவது. கல்லீரல் இன்னும் கீட்டோன் செய்துகொண்டுதான் இருக்கும். சுகர் 250க்குக் கீழே வந்தால் டெக்ஸ்ட்ரோஸ் எனும் குளுக்கோஸ் டிரிப்பைச் சேர்த்து இன்சுலினைத் தொடர வேண்டும். பொட்டாசியம் 3.5க்குக் கீழே இருந்தால் அதை ஏற்றிய பிறகே இன்சுலின்.

காசிமேடு வலைக்காரன்
அப்போ ஜிம் குரூப்ல இன்னா போடறது?

ராயபுரம் பயோகெம்
"சுகர் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர், கர்ப்பிணி, பால் கொடுப்பவர் இந்தக் கீட்டோ டயட்டைச் செய்யக் கூடாது. மற்றவர்கள் இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள், ஸ்ட்ரிப்பை அல்ல" என்று போடுங்கள்.

தண்டையார்பேட்டை லேப்
முதல் வரியைப் பெரிய எழுத்தில் போடுங்க. ரெண்டாவதை யாரும் படிக்க மாட்டாங்க.